பேனாவை மூடிய நாள்: அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டம் எழுதப்போகிற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், கடலை ஒட்டிய ஊர்களில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், கீழே நான் எழுதப்போகிற பெண்ணின் வீடு எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இது புகார் மனு இல்லை. புகார் என்றால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

2020 ஜூலை. மீனவர் குடியிருப்பில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். புருஷனுக்குக் கொரோனா தொற்று, அவரைக் கொண்டுபோயாயிற்று. உள்ளே மாமியார், தலைப்பிள்ளை பெற்ற இருபத்திரண்டு வயசுப் பெண், இருபத்தொரு நாள் குழந்தை. ஆஸ்பத்திரியில் பிரசவமாகி வீட்டுக்கு வந்தால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. முதல் மூன்று தடவை நான் போகவில்லை. காய்ச்சல் கணக்கெடுப்பில் போட்டிருந்தார்கள்; போனில் விசாரித்ததோடு சரி.

தகரத்துக்கு மேலாக ஸ்பிரிங் தராசை நீட்டினேன். மாமியார் குழந்தையைத் துணித்தொட்டிலில் வைத்துத் தூக்கிப் பிடித்தார். நான் இந்தப் பக்கமிருந்து எக்கி முள்ளைப் பார்த்தேன். 3 கிலோ 200. பிறந்தபோது 2 கிலோ 800. ‘நல்லாத் தேறியிருக்கு’ என்றேன். தொப்புள் காய்ந்துவிட்டதா, பால் குடிக்கிறதா, உடம்பு சுடுகிறதா என்று நான் கேட்டதற்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். அந்தப் பெண் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

‘பிள்ளை நல்லாத்தான் இருக்கு நர்ஸம்மா. நான்தான்...’ என்றாள்.

நான் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டே, ‘பூண்டு நெறையச் சேத்துக்க, தண்ணி குடி, பால் ஊறும்’ என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்றைக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி. கச்சான் காற்று மண்ணை அள்ளி முகக்கவசத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, விடியற்காலையில் கரைவலை இழுக்கப் போனவர்கள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்திருந்த அவளைக் கூட்டிவந்து வீட்டில் விட்டார்கள். எப்போது போனாள், எதற்குப் போனாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. காத்து கருப்பு என்றார்கள். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மாத்திரையும் பேச்சுமாக ஐந்தாறு மாதத்தில் எழுந்துவிட்டாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

தேறிய பிறகு ஒருநாள், கோபமே இல்லாமல், மீன் அரிந்துகொண்டே சொன்னாள்: ‘அன்னைக்கு நான் பேச வாயெடுத்தேன், நீங்க பேனாவ மூடிட்டீக. சரி, இது எழுதுற விஷயம் இல்ல போலன்னு விட்டுட்டேன்.’

அவள் சொன்னது சரி. எழுத இடம் இல்லை.

எங்கள் பதிவேட்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கடைசி மாதவிலக்குத் தேதி, எடை, ரத்த அழுத்தம், ரத்தம் எத்தனை புள்ளி, சிறுநீரில் சர்க்கரை, ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை, கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கிற 12 இலக்க பிக்மி எண். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது என்பதால் எந்தக் குடிசையில் இருக்கிறவளும் எங்களிடம் பதிந்தே ஆகவேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் உதவி, பணமும் பொருளுமாக 18,000 ரூபாய், 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் முழுசாகக் கிடைக்கும் என்பதால் சீக்கிரமாகவே வந்து பதிகிறார்கள். மாசமான ஒரு பெண்கூடத் தப்பாமல் கண்ணில் படுகிற ஏற்பாடு இது. பெருமையாகத்தான் சொல்கிறேன். கட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தால் நாங்கள் வெயிலோ புயலோ நிரப்பிவிடுவோம். கட்டம் இல்லாததை மனசாட்சிப்படி கேட்கலாம்தான். ஆனால் 5,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று வைத்துவிட்டு மனசாட்சியை நம்பி ஒரு திட்டத்தை நடத்த முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகள், 20,043 தாய்மார்கள். பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு 22 சதவீதம் பேருக்கு. இதைப் படித்த அன்று நான் என் ஊர்க்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு எண்பது பிரசவம் என்றால் பதினேழு பேராவது. இது நோய் நொடி இல்லாத சாதாரண வருஷத்துக் கணக்கு. இருபத்தேழு வருஷத்தில் நான் எத்தனை பேரின் நிலைப்படியைத் தாண்டி நடந்திருக்கிறேன் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷமோ சாதாரண வருஷம் இல்லை. எங்கள் கரையில் ஊரடங்கும் தடைக்காலமும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. மார்ச் 25-ல் நாடு பூட்டப்பட்டது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம். வழக்கமாக 61 நாள். அந்த முறை மே 31 வரை என்று குறைத்தார்கள். குறைத்து என்ன, தடைக்காலத்துக்காக நாலு காசு சேர்க்கிற பங்குனி மாதமே போய்விட்டதே. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடலைப் பார்த்த வீட்டில் ஒரு துண்டு பால்சுறா கிடைக்காமல் ஒரு மாமியார் என்னிடம் அழுதார். மருமகள் அழுததை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். டாஸ்மாக் மூடியிருந்த அந்த ஏப்ரலில் சில வீடுகளில் கர்ப்பிணிகளின் முகம் தெளிந்திருந்ததை நான் பார்த்தேன். மே 16-ல் கடை திரும்பத் திறந்தது. அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும் நின்றுபோனது. மாவட்டம் தாண்ட பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று காரணம் சொல்ல வேண்டும். ‘எங்க அம்மா பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்’ என்பது அதில் எந்தக் காரணத்திலும் சேராது. வேம்பாரிலிருந்து கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி, தூத்துக்குடி மாவட்ட எல்லை என்பதால், வெறும் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற தாயைப் பார்க்காமலே பெற்றெடுத்தாள். தாய்வீட்டுக்குப் போகிற பழக்கத்தைச் சீர்வரிசைச் செலவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு பெண் தூக்கம் வரும்போது தூங்கவும், அழுகை வரும்போது யாரும் காரணம் கேட்காமல் அழவும் அவளுக்குக் கிடைக்கிற மூன்று மாதம் அது. வேறு இடத்தில் அவளுக்கு அது கிடைக்காது.

கீழக்கரைப் பக்கம் இன்னொரு மாதிரி. அங்கே பல வீடுகளில் ஆண்கள் சபுரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், வளைகுடாவில். விமானம் நின்றுவிட்டது. வாப்பா பிள்ளையை இமோ வீடியோ காலில் பார்த்தார். ‘நெட்டு கட்டாச்சுன்னா அவுக மூஞ்சி அப்படியே உறைஞ்சு நின்னுடும் நர்ஸம்மா, அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்’ என்று ஒருத்தி சொன்னாள். அங்கே புருஷனுக்கு வேலை போன சேதி, இங்கே அவள் நகை அடகு வைத்த சேதி இரண்டும் ஒரே வாரத்தில்.

பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருத்தி கூட இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் முன்பே வந்துவிட்ட நல்ல பழக்கம். தொற்று வந்ததும் பல இடங்களில் முதலில் நிறுத்தியது அதைத்தான். தாய்க்குத் தொற்று இருந்தாலும்கூட அவள் விரும்புகிற துணை கூட இருக்கலாம், பிள்ளையைப் பிரிக்க வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. அது எங்கள் காதுக்கு வந்து சேர நாளாயிற்று.

கொரோனா தடுப்பூசி விஷயத்தில் நானே மாட்டிக்கொண்டேன். 2021 ஜனவரியிலிருந்து ஆறு மாதம் ‘வயித்துல பிள்ளை இருக்கிறவுக போடக்கூடாது’ என்று சொன்ன வாயால், ஜூலை 2-க்கு அப்புறம் ‘கட்டாயம் போட்டுக்கங்க’ என்று சொல்ல வேண்டியிருந்தது. விஞ்ஞானம் அப்படித்தான் போகும், எனக்குப் புரியும். எட்டு மாதக்காரிக்கு அதைப் புரியவைக்க உட்கார்ந்து பேச வேண்டும். உட்காரத்தான் நேரமில்லை.

இனி, நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

முதலில், போன் விசாரிப்பை வீட்டுக்குப் போனதாகக் கணக்கில் எழுதாதீர்கள். நான் எழுதினேன், அதனால் சொல்கிறேன். எங்கள் ஊரில் போன் யாருடையது? புருஷனுடையது. நான் கூப்பிட்டால் அவர் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, ‘நர்ஸம்மா பேசுறாக, பேசு’ என்று அவள் முன்னால் நீட்டுவார். சுற்றிலும் மாமியார், நாத்தனார், கொழுந்தன். ‘நல்லா இருக்கியாம்மா?’ ‘நல்லா இருக்கேன் நர்ஸம்மா.’ முடிந்தது. தொற்று எத்தனை பெரிதாக வந்தாலும் பிரசவமானவளை வீட்டில் போய்ப் பார்க்கிற அந்த ஆறு நாட்களுக்கான நர்ஸை வேறு கணக்கெடுப்புக்கு எடுக்கக்கூடாது. தகரம் அடித்தாலும் தகரத்துக்கு வெளியே நின்றாவது பார்க்கட்டும். இதை உத்தரவாக எழுதி வையுங்கள்.

அடுத்தது, பதிவேட்டில் தாயின் மனநிலையை எழுத ஒரு கட்டம். பிரசவித்த தாய்களின் மனநிலையைக் கேட்டறிய 1987-ல் ஸ்காட்லாந்தில் ஒரு கேள்வித்தாள் உண்டாக்கினார்கள். எடின்பரோ கேள்வித்தாள் என்பார்கள். பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று. மொத்தம் 30 மதிப்பெண். அதிகமாக வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தமிழிலும் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் ‘அம்ம மனசு’ என்று தாய்மாரின் மனநலத்துக்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. நம்மால் முடியாதா?

ஆனால் தாளை அப்படியே கொடுத்தால் வேலைக்கு ஆகாது. எங்கள் கரையில் ‘மன அழுத்தம்’ என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ‘ஈரக்கொலை நடுங்குது’ என்பாள். ‘நெஞ்சுக்குழி அடைக்குது’, ‘எதுலயும் நாட்டமில்ல’, ‘மனசு ஒரு நெலையில இல்ல’. பாசி எடுக்கத் தீவுப்பக்கம் போய் முங்குகிறவள் ஒருத்தி சொன்னாள்: ‘கரையில இருக்கையிலயும் கடலுக்குள்ள முங்குன மாதிரி காது அடைச்சே கெடக்கு.’ இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவப் புத்தகம் சொல்லும்? ஆனால் தாளோடு வருகிற புது நர்ஸ் இதைக் கேட்டுக் காது டாக்டரிடம் அனுப்பிவிடுவாள்.

கேட்கிற விதமும் இருக்கிறது. கைக்குழந்தைக்காரியிடம் ‘தூக்கம் வருதா?’ என்று கேட்டால் சிரிப்பாள். எந்தத் தாய்க்குத் தூக்கம் இருக்கிறது? ‘பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?’ என்று கேட்க வேண்டும். பிள்ளை தூங்கியும் இவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் அதுதான் சேதி. ‘முன்பு ரசித்தவற்றை ரசிக்கிறீர்களா?’ என்பதற்கு என் கேள்வி, ‘கண்ணாடி பாத்து எத்தனை நாளாச்சு?’ அல்லது, ‘சீரியல் பாக்கிறியா, இல்ல டிவி சும்மா ஓடுதா?’ மூன்றாம் நாள், நாலாம் நாள், பால் இறங்குகிற நேரத்தில் எல்லாரும் அழுவார்கள். அது தானாகப் போகும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் விடக்கூடாது. பத்தாவது கேள்வி, தன்னை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வந்ததா என்பது. கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. நான் கேட்ட இடத்தில் எல்லாம், கேட்டதற்காக யாரும் கோபித்ததில்லை; ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ‘ஆமா’ என்றவர்கள் உண்டு.

மாமியாரை அப்புறப்படுத்துவதற்கு ஒரு தந்திரம் சொல்கிறேன், பயிற்சி வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அம்மா, தாய் சேய் நல அட்டைய எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லுங்கள். எந்த வீட்டிலும் அட்டை சொன்ன இடத்தில் இருக்காது. பீரோவுக்கு மேலே, அரிசி டிரம்முக்குப் பின்னால், சாமி படத்துக்கு அடியில் என்று தேடிவர ஐந்து நிமிஷமாவது ஆகும். அந்த ஐந்து நிமிஷம் போதும். மாமியார்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான். ‘நாங்கல்லாம் பெக்கலையா’ என்ற ஒரு வார்த்தையைத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஏர்வாடியைப் பற்றியும் எழுதாமல் முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தது நம் மாவட்டத்தில்தான். பிரசவத்துக்குப் பிறகு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் புத்தி பேதலிக்கிற அளவுக்குக் கடுமையான நோய் வரும். அது மருந்துக்குக் கேட்கிற நோய். அந்தப் பெண்களை இன்றைக்கும் முதலில் தர்காவுக்கோ கோயிலுக்கோதான் கூட்டிப்போகிறார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன்; ஆஸ்பத்திரியில் கிடைக்காத ஒரு ஆறுதல் அங்கே கிடைக்கிறது. துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் என்று தர்காவிலேயே மருத்துவம் பார்க்கிற ஏற்பாடும் வந்தது. அது நல்ல யோசனை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியை ஒரேயடியாகத் தடை செய்கிறது. அதே சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெற 2009-லிருந்தே தனிப் பிரிவு இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் இருக்கிறவள் பாலம் தாண்டி பெங்களூருக்கா போவாள்? ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இரண்டு கட்டில், பக்கத்தில் இரண்டு தொட்டில். இதுதான் நான் கேட்பது.

14416 என்ற டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். அதைத் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக அச்சடியுங்கள். போன் அவளுடையது இல்லை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், மறக்கவில்லை. இருந்தாலும் புருஷன் கண்ணிலாவது படட்டுமே. அவர்களிலும் பயந்துபோய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்கள் நிறையப் பேர். கரைவலைக்காரர்கள் அவளைக் கூட்டிவந்த அன்று, அவள் புருஷன் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கால் நடுங்க நின்றான்.

இனி எப்போதாவது பாஸ் கொடுக்கிற நிலைமை வந்தால், பிரசவத்துக்குத் தாய்வீடு போவதையும் ஒரு காரணமாகச் சேர்த்துவிடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருஷம், அந்தப் பெண் சொன்னதற்கு அப்புறம், கட்டம் இல்லாவிட்டாலும் நானே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். என்ன கேட்டேன், எந்த வார்த்தையில் பதில் வந்தது, எந்த நாளில் கேட்டால் பேசுகிறார்கள், யார் பக்கத்தில் இருந்தால் பேசமாட்டேன் என்கிறார்கள் என்று. பெயர் எதுவும் எழுதவில்லை. எண்பது பக்க நோட்டில் அறுபது பக்கம் நிறைந்திருக்கிறது. புதிதாகக் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களுக்கு உதவும் என்றால் யாரையாவது அனுப்புங்கள். புதன்கிழமை வேண்டாம், அன்று தடுப்பூசி நாள். என் இடத்துக்கு வந்திருக்கும் புது நர்ஸுக்குக் கூடமாட உதவப் போய்விடுவேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்துவிடச் சொல்லுங்கள், இன்னும் இருபது பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
இராமநாதபுரம் கடற்கரை